படத்தைப் பார்க்காமலே நிறுத்தியவர்களுக்கு: மண்டப நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், குழுவில் உள்ள மற்ற எல்லாருக்கும்,

எங்கள் பெண்கள் காற்பந்து அணிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மண்டபத்தில் நான் போட இருந்த 'பெண்ட் இட் லைக் பெக்காம்' படம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. உங்கள் வாட்சாப் செய்தி வந்தது வெள்ளிக்கிழமை இரவு 10.40-க்கு. "கலாசாரத்துக்கு ஒவ்வாத படம் என்பதால் மண்டபம் தர இயலாது. பெண்பிள்ளைகளின் பெற்றோர் கவனமாக இருக்கவும்." இரண்டே வரி. முதல் வரியை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மண்டபம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது, தரலாம், தராமலும் போகலாம். இரண்டாவது வரிதான் தொண்டையில் இறங்கவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தச் செய்தி எனக்கு மட்டும் வரவில்லை. தாமான் (நம் குடியிருப்பு) குழு, பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் திருவிழாக் குழு என்று இரவோடு இரவாக ஊரைச் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் காலை நான் தையல் கடையைத் திறப்பதற்குள் மூன்று அம்மாக்கள் வாசலில் நின்றார்கள். திங்கட்கிழமைப் பயிற்சிக்குப் பதினான்கு பிள்ளைகள் வர வேண்டிய இடத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். வராத ஐவரில் மூவர் அடுத்த வாரம் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்கள். இருவர் இன்னும் வரவில்லை. அதில் ஒருத்தி எங்கள் இடது ஓரத்தில் ஆடுகிறவள், படிவம் மூன்றில் படிக்கிறாள். அவள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பையன்களே பிடிக்க முடியாது. அவள் அம்மா ஆலையில் இரவு ஷிப்ட். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அக்கா, ஊர்ப் பெரியவங்களே எழுதிட்டாங்க. நான் ஒத்தையா நின்னு என்ன சொல்ல முடியும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செயலாளர் அண்ணனுக்குப் போன் செய்து, "படத்தை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "போஸ்டர் பார்த்தோம்மா" என்றார். போஸ்டரில் ஒரு பெண் அரைக்கால் சட்டையோடு நிற்கிறாள், அவ்வளவுதான் விஷயம். சரி, நீங்கள் பார்க்காத படத்தை நான் சொல்கிறேன்.

'பெண்ட் இட் லைக் பெக்காம்' 2002-இல் வந்த படம். எடுத்தவர் குரிந்தர் சத்தா. நைரோபியில் பிறந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பெண். லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வீட்டுக் கூரையை விமானம் உரசிக்கொண்டு போகிற ஓர் ஊரில் நடக்கிற கதை. ஜெஸ்மிந்தர் என்ற சீக்கியப் பெண் பூங்காவில் பையன்களோடு பந்து ஆடுகிறாள், பிறகு ஒரு பெண்கள் அணியில் சேருகிறாள். வீட்டுக்குத் தெரியாது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நாளெல்லாம் பந்தை உதைத்துவிட்டு, சப்பாத்தியை வட்டமாகச் சுடத் தெரியாத பெண்ணை எந்த வீட்டில் எடுப்பார்கள் என்பது அம்மாவின் கவலை. கடைசியில் அக்கா கல்யாணமும் இறுதி ஆட்டமும் ஒரே நாளில் வந்து மோதிக்கொள்கின்றன. இதுதான் உங்களைப் பயமுறுத்திய கதை. நம் தாமானில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதில் பாதி கேட்கும். சப்பாத்தி இருக்கிற இடத்தில் தோசையை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி இறுதி ஆட்டத்தில் வருகிறது. ஜெஸ்மிந்தர் பிரீ கிக் அடிக்க வேண்டும். எதிரணிப் பெண்கள் சுவர் மாதிரி வரிசையாக நிற்கிறார்கள். அவள் கண்ணுக்கு அந்தச் சுவரில் நிற்பது அம்மாவும் அக்காவும் சொந்தக்காரப் பெண்களும், கல்யாண வீட்டு அலங்காரத்தோடு. முதல் தடவை பார்த்தபோது கடையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்து அத்தைமார்கள் ஒவ்வொருவரும் அந்த வரிசையில் எனக்குத் தெரிந்தார்கள். இப்போது பார்த்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் ஏழு பேரும் தெரிவீர்கள்.

ஆனால் இந்தப் படத்தைப் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் அந்தப் பெண் இல்லை, அவள் அப்பா. அனுபம் கேர் நடித்திருக்கிறார். அவர் இளம் வயதில் நைரோபியில் பெயர் பெற்ற வேகப்பந்து வீச்சாளர். இங்கிலாந்துக்கு வந்த பிறகு அங்கே கிரிக்கெட் கிளப்பில் அவர் தலைப்பாகையைக் கேலி பண்ணி வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றோடு அவர் பந்தைத் தொடவில்லை. மகளையும் ஆடாதே என்கிறார். வெறுப்பு இல்லை, தனக்கு நடந்தது அவளுக்கும் நடந்துவிடும் என்ற பயம். கடைசியில் அவரே கல்யாண வீட்டிலிருந்து அவளை ஆட்டத்துக்கு அனுப்புகிறார். தான் பேசாமல் ஒதுங்கிப் போனதில் நஷ்டம் யாருக்கு, தனக்குத்தானே என்று மனைவியிடம் சொல்கிறார். ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் வெள்ளைக்காரத் தோழிகள் தட்டுத்தடுமாறி அவளுக்குச் சேலை கட்டிவிடுகிறார்கள். அவளும் கல்யாணத்துக்குத் திரும்புகிறாள். கலாசாரம் எங்கே கெட்டது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் ஐயா, இனி எழுதப்போவது உங்களுக்கு. பொதுவில் ஐயா என்று எழுதினாலும் வீட்டில் நீங்கள் எனக்கு மாமாதான்.

என் அப்பா கருமாதியன்று பந்தலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. தோட்டத்து அணியில் அப்பா இடது ஓரம், நீங்கள் கோல் கீப்பர். மலேசிய அணியின் கோல் கீப்பர் ஆறுமுகத்தின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி மணிபர்ஸில் வைத்திருந்தவர் நீங்கள். நம் நாடே 'ஸ்பைடர்மேன்' என்று கூப்பிட்ட அந்த ஆறுமுகத்தைப் போல நீங்களும் பாயப் பார்த்து முழங்கை பெயர்ந்த கதையை ஊரே கேட்டிருக்கிறது. ஆனால் அன்றைக்கு நீங்கள் சொன்னது வேறு. மாவட்ட அணித் தேர்வுக்கு அப்பாவும் நீங்களும் விடியற்காலையில் ரப்பர் பால் லோரியில் ஏறிப் போனீர்கள். முதல் பாதியில் அப்பா இரண்டு கோல் அடித்தார். இடைவேளையில் ஒருவர் வந்து எல்லாருடைய அடையாளக் கார்டையும் வாங்கினார். அப்பாவிடம் இருந்தது சிவப்புக் கார்டு, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. இங்கேயே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர்தான், ஆனால் தாத்தா பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்கவில்லை, சுதந்திரம் கிடைத்த காலத்தில் போய்ப் பதியவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்குப் போனோமா, ரப்பர் மரத்தில் பால் வெட்டினோமா என்று இருந்தவர். "நீ இந்த நாட்டுக்காரன் இல்லை, வீட்டுக்குப் போ" என்று அப்பாவை அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் பாதி ஆடாமல் நீங்களும் அவரோடு திரும்பி வந்தீர்கள். வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை என்றீர்கள்.

1969-க்குப் பிறகு சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது தோட்டங்களில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். என் பெரிய அத்தை குடும்பம் 'ரஜூலா' கப்பலில் ஏறி இந்தியாவுக்குப் போனது அப்போதுதான். அப்பாவுக்கு எப்படியோ பெர்மிட் கிடைத்தது, பல வருஷம் கழித்துக் குடிமக்களுக்கான நீலக் கார்டும் கிடைத்தது. பந்து மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் தெரியாமல் நான் அவரைப் பல காலம் திட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியில் 200 மீட்டர் ஓடினேன், மாவட்டம் வரைக்கும் போனேன். நான் பெரியமனுஷி ஆனதும், "போதும், ஓடினது போதும்" என்றார். அம்மா கூட ஏதோ எனக்காகப் பேசிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. பெண்பிள்ளை என்பதால்தான் தடுத்தார் என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் புரிந்தது. திடலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவன் வந்து, நீ இந்த ஊர்க்காரி இல்லை என்று சொல்லிவிடுவானோ என்று அவர் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கருமாதி முடிந்து சில மாதம் கழித்து இந்தப் படத்தைப் பார்த்தேன். அந்தத் தலைப்பாகைக்காரர் பேசப் பேச என் அப்பா பேசுவது மாதிரியே இருந்தது. மாமா, நீங்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருந்தேன். அந்தப் படத்தை நீங்களே நிறுத்தினீர்கள்.

மற்றவர்கள் சொன்ன காரணங்களையும் பார்த்துவிடலாம்.

"வெள்ளைக்காரன் கலாசாரம்" என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். பெண்கள் பந்து ஆடுவது வெள்ளைக்காரன் கலாசாரம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. 1921 டிசம்பரில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கமே பெண்களுக்குத் தடை போட்டது. தன் கழகங்களின் திடல்களில் பெண்கள் ஆடக்கூடாது, இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லை என்றது. அதற்கு முந்தைய வருஷம்தான் லிவர்பூலில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 50,000 பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது வருஷம் நீடித்தது. ஆக, நீங்கள் அனுப்பிய செய்தியை உங்களுக்கு நூறு வருஷம் முன்பே வெள்ளைக்காரன் எழுதிவிட்டான். படத்திலேயே ஜெஸ்மிந்தரின் தோழி ஒரு வெள்ளைக்காரப் பெண், கெய்ரா நைட்லி நடித்திருப்பார். அவள் அம்மாவும் இதே பாட்டைத்தான் பாடுகிறாள். பந்து ஆடினால் எவன் வருவான் என்று அந்த அம்மாவும் தவிக்கிறாள். சப்பாத்தி மட்டும் சுடச் சொல்லவில்லை.

பயிற்றுநரோடு அந்தப் பெண்ணுக்குக் காதல் வருகிறதே என்றார் இன்னொருவர். வருகிறது. ஒரு முத்தமும் வருகிறது. நான் மறைக்கவில்லை. எனக்கே படத்தில் ஒப்பாதது அதுதான். பயிற்சி கொடுக்கிறவர் அப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். இன்னும் இரண்டு மூன்று இடங்கள் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டியவை. அதற்காகத்தான் 'படம் முடிந்ததும் ஒரு மணி நேரக் கலந்துரையாடல், பெற்றோர் கட்டாயம் வரவும்' என்று அறிக்கையில் அச்சடித்திருந்தேன். அறிக்கை உங்கள் அலுவலகப் பலகையில் பத்து நாள் தொங்கியது. குறை என்றால் இன்னும் சொல்கிறேன். அம்மாவைக் கொஞ்சம் கேலிச்சித்திரமாக்கிவிட்டார்கள், முடிவில் எல்லாம் சுலபமாகக் கூடிவந்துவிடுகிறது, நிஜத்தில் அப்படி நடக்காது. ஆனால் குறையுள்ள படத்தைப் பார்க்கக்கூடாது என்றால் நம் மண்டபத்தில் எந்தப் படம் ஓடியிருக்கும்?

போன தீபாவளிக்கு மறுவாரம் அதே மண்டபத்தில் பெரிய திரை கட்டினீர்களே, அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கதாநாயகன் ஒரு பெண்ணைப் பேருந்து நிலையம், கல்லூரி, கோயில் என்று விரட்டி விரட்டித் தொந்தரவு பண்ணுகிறான், கடைசியில் அவளுக்கு அவன் மேல் காதல் வருகிறது. என் மகன் வெட்டுப்பட்டு விழுகிற ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தான், 23-க்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டான். முன்வரிசையில் ஆறு வயசுப் பிள்ளைகள் இருந்தார்கள். அன்றைக்கு யாருடைய பெற்றோருக்கும் கவனமாக இருக்கச் சொல்லிச் செய்தி வரவில்லை.

சிறுவயதில் தோட்டத்தில் மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். இடம் பிடிக்க முடியாத நாங்கள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்போம். எம்ஜிஆர் இடது கையால் கத்திச் சண்டை போடுவார், எழுத்தெல்லாம் திருப்பித் தெரியும். இருந்தாலும் பார்த்தோம். எங்களை யாரும் எழுப்பி வீட்டுக்கு அனுப்பவில்லை. இன்னொன்று, இது வெறும் துணுக்குச் செய்தி, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2010 டிசம்பரில் வடகொரிய அரசுத் தொலைக்காட்சி ஒரு படத்தை ஒளிபரப்பியது. எந்தப் படம் என்று நினைக்கிறீர்கள்? இதேதான். வெட்டிச் சுருக்கித்தான் காட்டினார்கள். ஆனாலும் காட்டினார்கள்.

அரைக்கால் சட்டைக்கு வருவோம். வருஷா வருஷம் விளையாட்டு விழாவில் ராஜமணி பெயரைச் சொல்லாமல் உங்கள் வரவேற்புரை முடிந்ததில்லை. நம் பேராக் மண், அதுவும் பக்கத்துத் தாப்பாவில் பிறந்தவர் என்று தவறாமல் சொல்வீர்கள். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர். அவர் சேலை கட்டிக்கொண்டா ஓடினார்? அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ்ப்பெண் அரைக்கால் சட்டையோடு ஓடியதற்கு மேடையில் கைதட்டுகிறீர்கள், இன்றைக்கு நம் தாமான் பிள்ளை அதே சட்டையைப் போட்டால் கவனமாக இருக்கச் சொல்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளின் உடுப்பை நான்தான் தைக்கிறேன். முட்டி வரைக்கும் இருக்கிறது, வேண்டுமானால் டேப் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தோட்டம் போய்விட்டது. கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்தை இடித்தார்கள், பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இந்த மண்டபமும்தான். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நான்கு தலைமுறை இங்கே பிறந்து வளர்ந்தும் கோபம் வந்தால் நம்மை வந்தேறி என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த வலியும் உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தப் படத்தைப் பாருங்கள், அதே வலியோடுதான் அந்தச் சீக்கியக் குடும்பமும் சுவரில் குரு நானக் படத்தை மாட்டிக்கொண்டு வாழ்கிறது. அவர்கள் வீட்டுக்குள் நடக்கிற சண்டையை நம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டுப் பெற்றோரிடம் நாலு வார்த்தை பேசியிருப்பார்கள். அந்த நாலு வார்த்தைக்குத்தான் மண்டபம் கேட்டேன், 150 வெள்ளி முன்பணமும் கட்டினேன். பணம் திரும்பி வந்துவிட்டது. அது ஒரு பொருட்டு இல்லை.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்த இரண்டாவது வரியைத் திரும்பப் பெறுங்கள். எந்தெந்தக் குழுக்களுக்கு அதை அனுப்பினீர்களோ அதே குழுக்களில், அதே ஆட்களின் போனிலிருந்து, பெண்கள் காற்பந்துப் பயிற்சியில் நிர்வாகக் குழுவுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று எழுதுங்கள். வராமல் நிற்கிற இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கு உங்களில் ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தலைவர் ஐயாவே போனால் அந்த அம்மா மறுக்க மாட்டார்.

படத்துக்கு வேறொரு தேதி கொடுங்கள். அதற்கு முன் நீங்கள் ஏழு பேரும் பார்க்க விரும்பினால் என் கடைக்கு வாருங்கள், பின்னறையில் போடுகிறேன், கோப்பி நான் வாங்கித் தருகிறேன். பார்த்துவிட்டு இந்த இந்த இடம் ஆகாது என்று சொன்னால் உட்கார்ந்து பேசத் தயார். பார்க்காமல் சொல்கிற எதையும் இனி ஏற்க மாட்டேன்.

மண்டபத்தில் எந்தப் படம் போடலாம், எது கூடாது என்பதற்கு விதி வேண்டும் என்றால் எழுத்தில் வையுங்கள். அது தீபாவளிப் படத்துக்கும் எங்கள் படத்துக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் ஏழு நாளுக்கு முன்பே காரணத்தோடு கடிதம் கொடுங்கள், இரவு 10.40-க்கு வாட்சாப் வேண்டாம்.

அப்புறம் திடல். மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற திடலில் வாரம் ஏழு நாளும் மாலையில் பையன்கள் ஆடுகிறார்கள். எங்களுக்குத் திங்கள், வியாழன் இரண்டு நாள், ஐந்திலிருந்து ஆறரை வரை எழுதிக் கொடுங்கள். இப்போது நாங்கள் பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடத்தில், தார்த் தரையில் பயிற்சி செய்கிறோம். போன மாதம் மட்டும் இரண்டு பிள்ளைகளுக்கு முட்டி கிழிந்தது.

இந்த மாத இறுதிக்குள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். கடை காலை ஒன்பதிலிருந்து திறந்திருக்கும்.

இப்படிக்கு,
பெண்கள் அணியின் மேலாளர்,
பேருந்து நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவள்